மொபைல் கேமுக்கு டிசைன் லீடாக இருப்பது: ஐடியாவிலிருந்து ஸ்டோர் வரை

கேள்வி சுருக்கமாக இதுதான். சில வருடம் லெவல் டிசைனராக இருந்தவரை, ஆறு பேர் கொண்ட சின்னக் குழுவில் டிசைன் லீடாக உட்கார வைத்திருக்கிறார்கள். இலவசமாக டவுன்லோட் செய்யும் மொபைல் கேம். எங்கே தொடங்குவது, எவ்வளவு எழுதி வைப்பது, எப்போது "போதும், வெளியே விடலாம்" என்று சொல்வது என்று கேட்டிருக்கிறார். பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் பதவியைப் பற்றி. டிசைன் லீட் என்றால் குழுவிலேயே நல்ல ஐடியா சொல்கிற ஆள் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஐடியாவுக்கு எந்தக் குழுவிலும் பஞ்சம் வந்ததில்லை. புரோகிராமரிடம் பத்து இருக்கும், ஆர்ட்டிஸ்டிடம் இருபது இருக்கும், பணம் போட்டவரைக் கேட்கவே வேண்டாம். பஞ்சம் முடிவுக்குத்தான். யாரும் முடிவெடுக்காமல் விட்ட ஒரு கேள்வி மூன்று மாதம் கழித்து, படம் வரைந்து கோட் எழுதி முடித்த பிறகு, திரும்பி வந்து நிற்கும். அப்போது அதை மாற்றுவதற்கு ஆகும் செலவு தொடக்கத்தில் ஆவதைப்போலப் பல மடங்கு. ஆகவே உங்கள் வேலையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெரிய கேள்வி உண்டு, அதற்கு ஆதாரத்தோடு பதில் கிடைக்கும்வரை அடுத்த கட்டத்துக்கான செலவைத் தொடங்க விடக்கூடாது. கீழே சொல்வதெல்லாம் இதன் விரிவுதான்.

தொடக்கத்தில் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். கதை வேண்டாம், பாத்திரங்களின் பூர்வீகம் வேண்டவே வேண்டாம். விரல் என்ன செய்கிறது, அந்த விரலசைவுக்குப் பின்னால் ஆடுபவர் எடுக்கிற முடிவு என்ன, ஒரு ஆட்டம் எத்தனை நிமிடம், தோற்றால் எதை இழக்கிறார், நாளைக்கு ஏன் திரும்பி வருவார், பணம் எங்கிருந்து வரும். இவ்வளவுதான். பேச வசதியாக ஒரு கேமைக் கற்பனை செய்துகொள்வோம்: திரையில் விரலால் கோடு இழுத்தால், நாய் அந்தக் கோட்டின் மேல் ஓடி, ஆட்டு மந்தையைப் பட்டிக்குள் விரட்டும். விரல் செய்வது கோடு இழுப்பது. எடுக்கிற முடிவு, மந்தையை எந்தப் பக்கமாக அணைப்பது, சிதறிப்போன இரண்டு ஆட்டை விட்டுவிடுவதா திரும்பப் போய்ப் பிடிப்பதா என்பது. இந்த இரண்டாவது வரியை எழுத வரவில்லை என்றால் உங்களிடம் இருப்பது ஒரு காட்சி, கேம் இன்னும் இல்லை. "அழகான மலைப்புல்வெளியில் ஆடு மேய்க்கும் நிதானமான அனுபவம்" என்று எழுதினால் எல்லாரும் தலையாட்டுவார்கள், ஆனால் அதை வைத்து புரோகிராமர் நாளைக் காலை என்ன செய்வார்?

அந்தப் பக்கத்திலேயே இன்னொன்றையும் எழுதிவிடுங்கள், சின்ன விஷயமாகத் தெரியும்: போனை நெட்டுக்குத்தாகப் பிடிப்பதா, படுக்கை வாட்டத்தில் பிடிப்பதா. நெட்டுக்குத்தாக என்றால் ஒரு கையால், நின்றுகொண்டே ஆடலாம். படுக்கை வாட்டம் என்றால் இரண்டு கையும் வேண்டும், ஆடுபவர் அதற்கென்று உட்கார வேண்டும். ஆட்டத்தின் நீளம், பட்டன் இருக்கும் இடம், கேமரா தூரம் எல்லாம் இதன் பின்னாலேயே வரும். மொபைல் கேம் நிறுவனமான சூப்பர்செல், பிரால் ஸ்டார்ஸ் என்ற தன் கேமை 2017 ஜூனில் கனடாவில் சோதனையாக வெளியிட்டபோது அது நெட்டுக்குத்தான கேம். பிறகு படுக்கை வாட்டத்துக்கு மாற்றினார்கள், 2018 டிசம்பரில்தான் உலகம் முழுக்க வந்தது. அவர்களிடம் பணமும் பொறுமையும் இருந்தது. ஆறு பேர் குழு நடுவழியில் இதை மாற்றினால் எழுந்திருப்பது சிரமம்.

அடுத்தது புரோட்டோடைப், அதாவது ஆடிப் பார்க்க மட்டும் அவசரமாகக் கட்டும் மாதிரி. இங்கே கேட்க வேண்டிய கேள்வி, படமும் சத்தமும் இல்லாமல், சாம்பல் நிறக் கட்டங்களும் வட்டங்களுமாக இருக்கும்போதே ஆட இழுக்கிறதா என்பது. வட்டம்தான் ஆடு, முக்கோணம்தான் நாய். இந்தக் கட்டத்தில் ஆர்ட்டிஸ்ட் சும்மா இருக்கிறாரே என்று படம் வரையச் சொல்லிவிடாதீர்கள். நல்ல படம் வந்துவிட்டால் மோசமான ஆட்டமும் நன்றாக இருப்பதாகத் தோன்றும், அதைத் தூக்கிப்போட மனசு வராது. ஆர்ட்டிஸ்டுக்கு வேலை கொடுப்பதானால், ஒரே காட்சியை நாலு வெவ்வேறு பாணியில் வரையச் சொல்லுங்கள். எது வந்தாலும் கேமுக்குள் போடாதீர்கள்.

திரீஸ் என்ற எண் புதிர் கேமை நினைத்துப் பாருங்கள். 2014 பிப்ரவரியில் வெளிவந்தது. பார்த்தால் ஒரு வாரத்தில் செய்துவிடலாம் போலிருக்கும். அதைச் செய்த இருவரும் எடுத்துக்கொண்டது ஏறத்தாழ 14 மாதம். பின்னர் அவர்களே தங்களுக்குள் எழுதிக்கொண்ட மின்னஞ்சல்களை வெளியிட்டார்கள். ஆட்டத்தின் அடிப்படை சீக்கிரமே கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு வேஷம் மாற்றி மாற்றி, சிக்கல்களைச் சேர்த்துப் பார்த்து, கழித்துப் பார்த்து, கடைசியில் கிட்டத்தட்ட ஆரம்பித்த இடத்துக்கே திரும்பியிருக்கிறார்கள். அடுத்த மாதமே அதே சாயலில் 2048 என்ற கேம் வந்து இலவசமாகப் பரவிவிட்டது என்பது தனிச் சோகம். இரண்டு பாடமும் நிஜம்: கழிப்பதற்குத்தான் நேரம் பிடிக்கும், அப்படிக் கழித்துக் கிடைத்த ஆட்டவிதியை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவதைத் தடுக்க டிசைனரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஐடியா வெளியே போய்விடுமோ என்று பயந்து சோதிக்காமல் மூடி வைப்பது மட்டும் முட்டாள்தனம்.

சோதனை என்றதும் ஆபீஸ் நண்பர்களிடம் கொடுத்து "எப்படி இருக்கு?" என்று கேட்பதைச் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு உலகில் யாரும் உண்மையான பதில் சொன்னதில்லை. கேமைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவர் கையில் போனைக் கொடுங்கள், வாயை மூடிக்கொள்ளுங்கள், முகத்தைப் பார்க்காமல் கட்டை விரலைப் பாருங்கள். கட்டை விரல் எல்லாவற்றையும் சொல்லிவிடும். நம் ஆட்டு கேமில் முதல் லெவல் திறக்கிறது. அவர் கோடு இழுக்காமல் நேராக ஆட்டின் மேலேயே தட்டுகிறார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் இரண்டு தட்டு. விரல் திரைக்கு மேலே ஒரு விநாடி அந்தரத்தில் நிற்கிறது, பிறகு தப்பித்தவறி ஒரு இழுப்பு, நாய் ஓடுகிறது, "ஓ!" என்கிறார். அந்த "ஓ" வருவதற்கு எத்தனை விநாடி ஆனது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கை பரபரக்கும், "நாயிலிருந்து இழுங்க" என்று சொல்லத் தோன்றும். சொல்லிவிட்டால் அந்தச் சோதனை வீண். ஸ்டோரிலிருந்து டவுன்லோட் செய்பவர் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கப் போவதில்லையே.

முடிந்த பிறகு "பிடித்ததா" என்று கேட்காதீர்கள், "இப்போது என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கேளுங்கள். "நாய்க்குப் பயந்து ஆடு ஓடுது, நான் பின்னாடி போகணும்" என்று அவர் வாயிலிருந்தே வந்தால் ஆட்டவிதி புரிந்திருக்கிறது. "ஏதோ விரட்டினேன், ஜெயிச்சேன்" என்றால் புரியவில்லை, ஜெயித்தாலும்கூட. ஒரு சுற்றுக்கு அஞ்சு பேர் போதும், பெரிய கோளாறுகள் மூன்றாவது ஆளிலேயே திரும்பத் திரும்ப வரும். ஆனால் அடுத்த சுற்றுக்கு புது அஞ்சு பேர் வேண்டும். ஒருவர் ஒரு கேமை முதல்முறை பார்ப்பது ஒரே ஒரு தடவைதான். தெரிந்தவர்களை எல்லாம் முதல் வாரத்திலேயே செலவழித்துவிடாதீர்கள்.

புரோட்டோடைப் தொடங்குவதற்கு முன்பே, எது நடந்தால் இதைக் கைவிடுவோம் என்று எழுதிக் குழுவோடு ஒத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, "ஆறாவது வாரத்தில், நாங்கள் கேட்காமலேயே இன்னொரு ஆட்டம் ஆடியவர்கள் பாதிப் பேருக்குக் குறைவாக இருந்தால் நிறுத்துகிறோம்." பிறகு எழுதினால் அது நடக்காது, அதற்குள் எல்லாருக்கும் கேம் மேல் பாசம் வந்திருக்கும். சூப்பர்செல்லை மறுபடி இழுக்க வேண்டியிருக்கிறது: கைவிடுவதை வெளிப்படையாகப் பேசிக்கொண்டே செய்கிற நிறுவனம் அது, ஸ்மாஷ் லேண்ட் என்ற கேமைச் சோதனை வெளியீடு வரை கொண்டுபோய் 2015-இல் மூடினார்கள். கைவிடுவது தோல்வியில்லை என்று நீங்கள் சொன்னால் மட்டும் குழு நம்பாது. முன்பே எழுதிய அளவை எட்டாதபோது நிஜமாகவே நிறுத்திக் காட்டினால் நம்பும்.

எவ்வளவு எழுதி வைப்பது என்பதற்கு வருகிறேன். நூறு பக்க டிசைன் டாக்குமென்டை யாரும் படிக்க மாட்டார்கள், எழுதியவர் உட்பட. எனக்குச் சரிப்பட்டு வருவது மூன்று: மேலே சொன்ன ஒரு பக்கம், எண்களெல்லாம் இருக்கிற ஒரு ஸ்பிரெட்ஷீட், அப்புறம் ஒரு முடிவுப் பதிவேடு. பதிவேட்டில் ஒவ்வொரு வரியிலும் தேதி, எடுத்த முடிவு, ஏன் எடுத்தோம், எது தெரியவந்தால் இதை மறுபடி திறப்போம், அவ்வளவுதான். "மல்டிபிளேயர் கிடையாது. காரணம்: சர்வர் தெரிந்தவர் ஒருவர்தான். திறப்பது: வெளியான பிறகு, முப்பதாம் நாளும் திரும்பி வருகிறவர்கள் போதுமான அளவு இருந்தால்." ரெண்டு மாதம் கழித்து யாராவது மறுபடி மல்டிபிளேயர் என்று ஆரம்பிக்கும்போது, அந்த வரியைக் காட்டினால் ஒரு மணி நேர மீட்டிங் மிச்சம். சண்டையும் உங்களுக்கும் அவருக்கும் நடுவில் இல்லாமல், எழுதி வைத்த காரணத்தோடு மட்டும் நடக்கும்.

புரோட்டோடைப் தேறிவிட்டால், ஒரே ஒரு லெவலை முழு அழகோடு முடிக்கச் சொல்லுங்கள்: உண்மையான படம், சத்தம், மெனு, வெற்றித் திரை எல்லாம். பார்க்க நன்றாக இருக்கிறதா என்பது இங்கே இரண்டாம்பட்சம். இந்தக் கட்டத்தின் கேள்வி, ஒரு லெவலுக்கு எவ்வளவு உழைப்பு ஆகிறது என்பது. டிசைனுக்கு இரண்டு நாள், படத்துக்கு ஒரு நாள், சோதித்துத் திருத்த அரை நாள் என்று வைத்தால் லெவலுக்கு மூன்றரை ஆள்-நாள். 100 லெவல் என்றால் 350 ஆள்-நாள். லெவல் வேலைக்கு மூன்று பேர் என்றால் சுமார் 117 வேலைநாள், அதாவது ஐந்து மாதத்துக்கு மேல். ஒரு லெவல் ஆட மூன்று நிமிடம் என்றால் ஆடுபவர் அத்தனையையும் ஐந்து மணி நேரத்தில் முடித்துவிடுவார்! ஐந்து மாத உழைப்பு, ஐந்து மணி நேர ஆட்டம். இந்தக் கணக்கைப் போட்டதும் அறையில் ஒரு அமைதி நிலவும், அதற்காகவே போட வேண்டும். ஒரே வரைபடத்தில் மழை, இரவு, ஓநாய் என்று நிபந்தனை மாற்றி மறுபடி ஆட வைப்பதா, லெவலை விதிகள் வைத்துத் தானாக உருவாக்குவதா, மூன்று நட்சத்திரத்துக்காகத் திரும்பி வரவைப்பதா, எதுவானாலும் இப்போதே முடிவாக வேண்டும். வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்பு இதற்கு வழி கிடைக்காது.

எந்த எஞ்சின், அதாவது கேமைக் கட்டும் மென்பொருள், என்று கேட்பீர்கள். யூனிட்டியோ கோடோவோ, உங்கள் புரோகிராமர்களுக்கு எது கைவந்ததோ அது. அடுத்த விஷயம்.

முதல் ஐந்து நிமிடத்துக்கு, லீடாக உங்கள் நேரத்தில் பெரும்பகுதியைக் கொடுங்கள், ஏனென்றால் டவுன்லோட் செய்தவர்களில் நிறைய பேர் பார்க்கப்போவது அதை மட்டும்தான். எழுத்தில் சொல்லித்தரும் டுடோரியலை யாரும் படிப்பதில்லை, மூடும் குறி எங்கே என்று கண் தேடும். அதற்குப் பதில் லெவலையே ஆசிரியராக்குங்கள். முதல் லெவலில் ஒரே ஆடு, பட்டி நேர் எதிரே, நாய்க்குப் பக்கத்தில் மங்கலாக ஒரு கோடு. வேறு எதுவும் தொடக்கூடியதாக இருக்கக்கூடாது, தவறு செய்ய வழியே இல்லை. இரண்டாவதில் பட்டி பக்கவாட்டில், ஆகவே வளைத்து இழுக்க வேண்டும். மூன்றாவதில் ஆடு இரண்டு, அவை பிரியும். நாலாவதில்தான் முதல்முறை தோற்க வாய்ப்பு. ஒரு லெவலுக்கு ஒரு புதுச் செய்தி. இடையில் லாகின் கேட்காதீர்கள், ரேட்டிங் கேட்காதீர்கள், நோட்டிபிகேஷன் அனுமதி கேட்கவே கேட்காதீர்கள். ஐபோனில் அந்த அனுமதிப் பெட்டி ஒரு தடவைதான் வரும், முதல் நிமிடத்தில் "வேண்டாம்" வாங்கிவிட்டால், ஆடுபவரே செட்டிங்ஸுக்குள் போய் மாற்றினால்தான் உண்டு.

விரல் விஷயத்தில் சில தரங்கள் இருக்கின்றன, சண்டை போடாமல் எடுத்துக்கொள்ளுங்கள். தொடும் பட்டனுக்கு ஆப்பிள் சொல்வது குறைந்தது 44 பாயிண்ட், கூகுள் சொல்வது 48 டிபி, அதாவது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் (பாயிண்ட், டிபி இரண்டும் திரையில் அளக்கும் அலகுகள்). அதைவிட முக்கியமாக, நம்முடையது கோடு இழுக்கும் கேம்: ஆண்ட்ராய்டில் திரையின் ஓரத்திலிருந்து உள்ளே இழுத்தால் "பின்னே போ" என்று அர்த்தம், அடியிலிருந்து மேலே இழுத்தால் கேமை விட்டே வெளியே போய்விடும். நாய் ஓரத்தில் நிற்கிற லெவலில் ஆடுபவர் கோடு இழுக்க, கேம் மூடிக்கொள்ளும். அவருக்குக் காரணம் தெரியாது, அழித்துவிடுவார். கம்ப்யூட்டரில் மவுஸால் மட்டும் ஆடிப் பார்த்தால் இது உங்களுக்கும் தெரியாது. அதனால்தான் முதல் வாரத்திலிருந்தே பில்ட் (அதுவரை செய்ததை ஓடும்படி கட்டிய கேம்) போனில்தான் ஓட வேண்டும், அதுவும் குழுவில் இருப்பதிலேயே மட்டமான போனில். திரை விநாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், காட்ட வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிவிநாடி, 30 போதும் என்று ஒத்துக்கொண்டால் 33.3. எத்தனை ஆடு ஒரே நேரத்தில் திரையில் ஓடலாம் என்பதை இது முடிவு செய்யும், ஆகவே இது டிசைன் முடிவு, புரோகிராமர் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது.

இனி நாணயக் கணக்கு. கேமின் பொருளாதாரம் ஒரு தண்ணீர்த் தொட்டி: எங்கிருந்து வருகிறது, எங்கே வடிகிறது, எவ்வளவு வேகத்தில். ஸ்பிரெட்ஷீட்டில் போட்டுப் பார்ப்போம். ஒரு லெவல் ஜெயித்தால் 50 நாணயம். சாதாரணமாக ஆடுபவர் நாளைக்கு 8 லெவல் ஆடினால் 400. நாயின் வேகத்தைக் கூட்ட முதல் தடவை 100, அடுத்து 200, 400, 800 என்று இரட்டிப்பாகிறது. முதல் ஐந்து படிக்கு மொத்தம் 3,100, எட்டு நாளில் வந்துவிடும், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எட்டாவது படி மட்டும் 12,800. அதே ஆளுக்கு 32 நாள் ஆகும், அந்த 32 நாளில் புதிதாக எதுவும் கிடைக்காது. அங்கேதான் விட்டுவிட்டுப் போவார். நாளைக்கு 40 லெவல் ஆடுகிற வெறியருக்கோ அதே படி ஆறரை நாளில் முடிந்துவிடும். இரட்டிப்பு என்பது காகிதத்தில் அடக்கமாகத் தெரியும், நடைமுறையில் சுவர். நாளைக்கு 3 லெவல், 8 லெவல், 40 லெவல் ஆடும் மூன்று பேரைத் தனித்தனிப் பத்தியாகப் போட்டு, ஒவ்வொருவருக்கும் முதல் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் கையில் என்ன இருக்கும் என்று பார்த்துவிட்டுத்தான் எந்த எண்ணையும் புரோகிராமரிடம் கொடுக்க வேண்டும். அந்த எண்களும் புரோகிராமுக்குள் புதைந்திருக்கக்கூடாது. புது பில்ட் அனுப்பாமலேயே சர்வரிலிருந்து மாற்றும்படி புரோகிராமரிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள்.

பணம் எப்படி வரும் என்பதையும் டிசைன் தொடங்கும்போதே பேச வேண்டும், கடைசியில் ஒட்ட வைத்தால் ஒட்டாது. விளம்பரம் என்றால், ஆடுபவரே விரும்பிப் பார்த்துப் பலன் வாங்கும் விளம்பரம்தான் என் தேர்வு. தோற்ற பிறகு "விளம்பரம் பார்த்தால் சிதறிய ஆடு ஒன்று திரும்பி வரும்" என்றால் யாரும் கோபப்பட மாட்டார்கள். ஜெயித்த சந்தோஷத்தில் இருக்கும்போது முழுத் திரையை மறைத்தால் கோபப்படுவார்கள். காத்திருக்க வைத்துக் காசு வாங்கும் வழியில் எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2014-இல் வந்த டஞ்சன் கீப்பர் என்ற கேமின் மொபைல் பதிப்பு இருக்கிறது. இலவசம் என்று செய்த விளம்பரம் தவறாக வழிநடத்துவதாக பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் தீர்ப்பே சொன்னது. உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பெட்டியைக் காசுக்கு விற்பதானால், எது எத்தனை சதவீதம் வரும் என்று வாங்கும் முன்பே காட்ட வேண்டும் என்பது 2017 டிசம்பரிலிருந்து ஆப்பிளின் விதி. பெல்ஜியத்தில் 2018-இலேயே அதைச் சூதாட்டம் என்று சொல்லிவிட்டார்கள். சின்னக் குழுவுக்கு இந்தத் தலைவலி தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். கணக்குப் போடும்போது ஸ்டோரின் பங்கையும் கழியுங்கள்: நெடுநாளாகப் பொதுவாக 30 சதவீதம், வருடத்துக்கு 10 லட்சம் டாலருக்குள் சம்பாதிக்கும் சின்ன டெவலப்பருக்கு 15 என்று இருந்தது, இன்றைய விகிதத்தை ஸ்டோரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

தயாரிப்பு மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அது பெரும்பாலும் "வேண்டாம்" என்று மரியாதையாகச் சொல்லும் வேலை. ஒரு தேதி வையுங்கள், அதற்குப் பிறகு புது அம்சம் கிடையாது, ஏதாவது உள்ளே வந்தே ஆக வேண்டுமென்றால் ஏதாவது வெளியே போக வேண்டும். ஆட்களிடம் பேசுவதில் ஒரே ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன்: ஆர்ட்டிஸ்டிடம் "நாயைச் சிவப்பாக்குங்கள்" என்று தீர்வைச் சொல்லாதீர்கள், "புல்வெளியில் நாய் எங்கே நிற்கிறது என்று சோதித்த அஞ்சு பேரில் மூன்று பேருக்குத் தெரியவில்லை" என்று பிரச்சினையைச் சொல்லுங்கள். அவர் நிறத்தைத் தொடாமல் நிழல் போட்டே தீர்த்துவிடுவார். சொல்லப்போனால் பச்சைக்கு மேல் சிவப்பு நல்ல யோசனையே இல்லை, ஆண்களில் கணிசமான பேருக்கு அந்த இரண்டும் பிரித்துத் தெரியாது.

அப்புறம் சாஃப்ட் லாஞ்ச், அதாவது ஒன்றிரண்டு நாட்டில் மட்டும் சத்தமில்லாமல் வெளியிட்டுப் பார்ப்பது. கேள்வி இப்போது மாறுகிறது: ஆட இழுக்கிறதா என்பது தெரிந்துவிட்டது, திரும்பி வருகிறார்களா? முதல் நாள் வந்தவர்களில் மறுநாள் 40 சதவீதம், ஏழாம் நாள் 20, முப்பதாம் நாள் 10 என்று ஒரு பழைய தோராயக் கணக்கைத் துறையில் சொல்வார்கள். பெரும்பாலான கேம்கள் அதைத் தொடுவதில்லை, அதனால் அதை இலக்காக வைத்துக்கொண்டு நொந்துபோக வேண்டாம்; உங்கள் போன பில்டைவிட இந்த பில்ட் மேலா என்று பாருங்கள். அப்படிப் பார்க்கும்போதும் எண்ணிக்கை முக்கியம். 200 பேர் டவுன்லோட் செய்து 40 சதவீதம் திரும்பி வந்தால், உண்மையான எண் 33-க்கும் 47-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். போன வாரம் 36, இந்த வாரம் 40, டுடோரியலை மாற்றியது வேலை செய்தது என்று கைதட்டுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. சில ஆயிரம் பேர் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும், அல்லது அத்தனை பேரைக் கொண்டுவரக் கொஞ்சம் விளம்பரச் செலவுக்கு முன்பே பணம் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

மொத்தச் சதவீதத்தைவிட டிசைனருக்கு உதவுவது, எந்த லெவலில் விட்டுப் போகிறார்கள் என்ற வரிசை. ஒவ்வொரு லெவலும் தொடங்கியபோது, ஜெயித்தபோது, தோற்றபோது, பாதியில் வெளியேறியபோது ஒரு பதிவு அனுப்பும்படி செய்திருந்தால் போதும். மற்ற லெவல்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் போய்விட, ஒன்பதாவதில் மட்டும் பன்னிரண்டு பேர் போகிறார்கள் என்று தெரிந்தால், அந்த ஒன்பதாவதைத் திறந்து பாருங்கள். கஷ்டமாக இருப்பதால்தான் போகிறார்கள் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். தோற்றுவிட்டுப் போனார்களா, ஜெயித்துவிட்டுப் போனார்களா என்று பிரியுங்கள். ஜெயித்த பிறகு போகிறார்கள் என்றால் லெவலில் குற்றமில்லை; அடுத்து வரும் திரையில் எதையோ கேட்கிறீர்கள், அல்லது அடுத்த லெவலுக்குப் போக எந்தக் காரணமும் தரவில்லை.

எப்போது "போதும்" என்பதற்கும் பதில் இங்கேதான். கேம் கச்சிதமாகும் நாள் வராது. ஆட்ட அடிப்படையை மாற்றினால் மட்டுமே இனி எண்கள் ஏறும் என்ற நிலை வந்ததும் இரண்டே வழி: மாற்றுவது, அல்லது இப்போதிருக்கும் எண்களோடு செலவும் வரவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து வெளியிடுவது. ஒத்துப்போகவில்லை என்றால் முன்பே எழுதி வைத்தபடி நிறுத்துவது. இந்த முடிவைப் பணம் போட்டவரோடு உட்கார்ந்து எடுங்கள், தனியாகத் தூக்கிச் சுமக்காதீர்கள். பிளாப்பி பேர்ட் என்ற கேம் 2013 மேயில் வந்து, மாதக்கணக்கில் யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்து, 2014 தொடக்கத்தில் திடீரென்று உச்சிக்குப் போனது என்று யாராவது நம்பிக்கை சொல்வார்கள். அது நடந்தது உண்மை, திட்டமாக வைத்துக்கொள்ள முடியாது.

வெளியீட்டு வேலையில் டிசைன் லீட் ஒதுங்கக்கூடாத இடம் ஸ்டோர் பக்கம். பெயருக்கு இரண்டு ஸ்டோரிலும் 30 எழுத்துதான் இடம். ஐகானைக் கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கி அல்ல, போனில் வரும் அளவிலேயே, மற்ற ஐகான்களுக்கு நடுவில் வைத்துப் பாருங்கள். முதல் ஸ்கிரீன்ஷாட்டில் விரல் என்ன செய்யும் என்பது தெரிய வேண்டும். கேமில் இல்லாத காட்சியைப் போட்டு ஆள் சேர்த்தால் மறுநாளே போய்விடுவார்கள், ஒற்றை நட்சத்திரத்தை வைத்துவிட்டு. ஆடுபவர்களின் எதிர்பார்ப்பு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு மானுமெண்ட் வேலி உதாரணம்: காசு கொடுத்து வாங்கும் கேம், எல்லாரும் கொண்டாடியது, 2014 நவம்பரில் கூடுதல் லெவல்களுக்குத் தனியாக விலை வைத்ததும் ஒற்றை நட்சத்திரங்கள் வந்து விழுந்தன.

கூகுளில் புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்கியிருந்தால், 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ச்சியாக மூடிய சோதனை (அழைத்தவர்கள் மட்டும் ஆடுவது) நடத்தினால்தான் பொதுவெளியில் விட விண்ணப்பிக்கவே முடியும், அதைக் காலண்டரில் முன்கூட்டியே போடுங்கள். தினசரி ஆடுபவர்களில் 1.09 சதவீதத்துக்கு மேல் கேம் திடீரென்று மூடிக்கொள்ளும் கிராஷைப் பார்த்தாலோ, 0.47 சதவீதத்துக்கு மேல் கேம் உறைந்து நிற்பதைப் பார்த்தாலோ, கூகுள் பிளே உங்களைக் கண்ணில் படாத இடத்துக்குத் தள்ளலாம். அப்டேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் வசதி இரண்டு ஸ்டோரிலும் உண்டு, முதல் வெளியீட்டுக்குக் கிடையாது. முதல் நாள் எல்லாருக்கும் ஒரே பில்ட்தான். அதனால் வெள்ளிக்கிழமை வெளியிடாதீர்கள், சனி ஞாயிறில் திருத்தம் அனுப்ப யாரும் இருக்க மாட்டார்கள். ரிவ்யூக்களை யார் படிப்பது, நாணய எண்களை மாற்றும் உரிமை யாரிடம், இரவில் சர்வர் விழுந்தால் யாருக்குப் போன் என்பதையும் பெயர் போட்டு எழுதிவிடுங்கள்.

முதல் அப்டேட், கேம் வெளியாகும் முன்பே பாதிக்கு மேல் தயாராக இருக்க வேண்டும், வெளியான பிறகு முதல் இரண்டு வாரம் கோளாறு பார்க்கவே சரியாகப் போகும். அந்த அப்டேட்டை அனுப்பும் முன் ஒரு சோதனை: வெளியான பில்டில் இருபது லெவல் ஆடி, நாணயம் சேர்த்து, நாயை நாலு படி ஏற்றிய போனை எடுத்து, பழையதை அழிக்காமல் அதன் மேலேயே புது பில்டைப் போட்டுத் திறந்து, எல்லாம் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். சுத்தமான போனில் மட்டும் சோதித்துவிட்டு அனுப்புகிறவர்கள்தான் அதிகம்.